ஞாயிறு பழைய பொருள் வண்டி: பிரித்து வையுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை நம் செவ்வாய்ப்பேட்டைத் தெருவுக்கு வண்டி வருகிறது. பிளாஸ்டிக்கை ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள்; அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சொல்லும். பெரும்பாலும் தண்ணீர் பாட்டில் 1, ஷாம்பு பாட்டில் 2, சாப்பாட்டு டப்பா 5. தனித்தனியாகப் போனால்தான் நல்ல மூலப்பொருள் ஆகும். முக்கியமாக, 3 போட்ட பிவிசி வகைப் பிளாஸ்டிக்கை 1-உடன் கலக்கவே கூடாது; கொஞ்சம் கலந்து உருகினாலும் மொத்தமும் பாழ். கொலுசுப் பட்டறையில் கூட்டிய தூசியிலிருந்தும் வெள்ளி எடுக்கும் ஊர் நம் சேலம், இதுவா முடியாது?

அப்புறம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அட்டையைக் காகிதத்தோடு சேர்க்காதீர்கள். சிப்ஸ் கவர் தனி. பேட்டரி, டியூப் லைட்டை வண்டியில் ஏற்ற மாட்டார்கள்; உடைக்காமல் தனியே வையுங்கள், மாநகராட்சி வண்டியில் கொடுத்துவிடலாம்.