தூணுக்கும் தூணுக்கும் நடுவுல 21 இன்ச்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஃபுட்பாத்ல பைக் ஓட்டுறவங்களைத் தடுக்க ஊர் பூரா இன்னும் நெறைய இரும்புத் தூண் நடணும்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோவம் நியாயம்தான், பெங்களூர்ல நடந்து போற எல்லாருக்கும் அந்தக் கோவம் இருக்கு, ஆனா அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்கிறவன் நான், அதனால என் பக்கத்தையும் கொஞ்சம் போடுங்க.

நான் அல்சூர்ல லேடீஸ் டெய்லர். ரெண்டு வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் போச்சு. ரொம்ப வருஷம் கக்கத்துல கட்டை வெச்சு நடந்தேன், தோள்பட்டை வலி தாங்க முடியாம இப்போ 12 வருஷமா வீல்சேர். மிஷினுக்கு மோட்டார் போட்டு, பெடலை ஒரு பலகைல அடிச்சு முழங்கைக்குக் கீழ வெச்சிருக்கேன், தைக்கிறதுல ஒரு குறையும் இல்ல, வேணும்னா எங்க தெரு பொம்பளைங்களைக் கேட்டுப் பாருங்க.

குறை எங்கன்னா சாமான் வாங்குறதுல இருந்துச்சு. லைனிங் துணி, ஃபால்ஸ், கொக்கி, ஜிப், நூல்கண்டு எல்லாம் சிக்பேட்டைல வாங்கினாத்தான் கட்டுபடியாகும். கட்டை வெச்சிருந்த காலத்துல பஸ் படி ஏற முடியாது, போய்ட்டு வர ஆட்டோக்குக் குடுத்தா ஒரு ப்ளவுஸ் கூலி போயிரும், அதனால யாராவது பையனை அனுப்புவேன். கிளிப்பச்சை நூல் வாங்கிட்டு வாடான்னா பாசிப்பச்சை வாங்கிட்டு வருவான், ட்யூப்லைட்ல பாத்தேன் ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு அண்ணாம்பான். கஸ்டமர் வெயில்ல போய் நின்னு பாத்துட்டு வந்து மூஞ்சியைத் தூக்குவாங்க. மெட்ரோ எங்க பக்கம் 2011 அக்டோபர்ல வந்தது, பச்சை லைன் மெஜஸ்டிக்லேர்ந்து சிக்பேட்டை வழியா போக ஆரம்பிச்சது 2017ல. அதுக்கப்புறம்தான் நானே போறேன். லிஃப்ட்ல ஏறி, மெஜஸ்டிக்ல இறங்கி லிஃப்ட்லயே லைன் மாறி, அடுத்த ஸ்டேஷன்ல இறங்குனா சிக்பேட்டை. ஸ்டேஷன் ஆளுங்க நான் எங்க இறங்குறேன்னு கேட்டு முன்கூட்டியே அங்க சொல்லிடுவாங்க. கடை வாசல்ல வெயில்ல வெச்சு நூலை நானே துணியோட சேத்துப் பாக்குறேன். இது வெளியாளுங்களுக்குச் சின்ன விஷயமாத் தெரியலாம், எனக்கு அப்படியில்ல.

இப்போ தூணுக்கு வரேன். எங்க வீட்லேர்ந்து ஸ்டேஷனுக்குப் போற ஃபுட்பாத்தை நல்லா புதுசா போட்டாங்க, வழவழன்னு கல்லு, ஓரத்துல சேர் ஏறுற மாதிரி சாய்வா சறுக்கு கூட வெச்சாங்க, நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு மாசம் கழிச்சு சறுக்கு ஏறுற இடத்துல குறுக்கால நாலு இரும்புத் தூணை நட்டுட்டுப் போய்ட்டாங்க. கழுத்துல எப்பவும் இன்ச் டேப் தொங்குற ஆளு நான், அங்கயே அளந்தேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல 21 இன்ச். அந்தக் கோடில 23. என் சேர் இருபத்தஞ்சரை, அது கூட சக்கரத்துலேர்ந்து சக்கரம் வரைக்கும்தான், சக்கரத்தைத் தள்ளுற கைமுட்டிக்கு ரெண்டு பக்கமும் இடம் வேணும் இல்லையா.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரையும் அளந்தேன், ஹேண்டில்ல இருபத்தேழு இன்ச்சுக்கு மேல வருது. அப்போ ஸ்கூட்டரும் போகாதேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நாள் ஆபீஸ் விடுற நேரத்துல அங்கயே நின்னு வேடிக்கை பாத்தேன். வண்டிக்காரன் வரான், ஹேண்டிலை ஒடிக்கிறான், வண்டியை லேசா சாய்க்கிறான், ஒரு பக்கம் தூணுக்கு மேல ஹேண்டில் போயிருது, அவ்வளவுதான், உள்ள. அந்தத் தூண் என்ன இடுப்பு உயரம் கூட இல்லையே. சாய்க்கத் தெரியாதவன் பத்தடி தள்ளி அடுத்த வீட்டு கார் ஏத்துற சறுக்குல ஏறிக்கிறான். ஸ்கூட்டருக்கு முன்னாடி ஒரு சக்கரம் பின்னாடி ஒரு சக்கரம், அது சாயும். என் சேருக்கு ரெண்டு பெரிய சக்கரமும் பக்கம் பக்கமா தரைல இருக்கு, நான் எப்படிச் சாய்க்கிறது? ஆக அந்த நாலு தூணும் நிறுத்துறது என்னை, குழந்தை வண்டி தள்ளிட்டு வர்ற அம்மாவை, வாக்கர் வெச்சிருக்கிற எங்க எதிர்வீட்டுப் பாட்டியை.

அதனால நான் ரோட்டுல போறேன். மழை பேஞ்ச ஒரு சாயந்திரம், மடில லைனிங் துணி மூட்டை, பின்னாடி பஸ் ஹாரன், ஓரமா ஒதுங்கி ஃபுட்பாத்தை ஒட்டி வந்துட்டிருக்கேன், அப்போ ஃபுட்பாத் மேலேர்ந்து ஒரு ஸ்கூட்டர் பையன் கீழ இறங்கப் பாத்து என்னைப் பாத்து சொல்றான், "அண்ணா, கொஞ்சம் சைடு குடுங்க." கோவம் வரல சார், சிரிப்புதான் வந்துச்சு.

சேர் போற அளவுக்கு இடம் விட்டா ஸ்கூட்டரும் சாய்க்காமயே போயிருமேன்னு அந்த வாசகர் கேட்டா, ஆமா போயிரும். அதனாலதான் சொல்றேன், தூண் இதுக்கு மருந்தே இல்ல. ஊர் பூரா ட்ராஃபிக் போலீஸ் கேமரா இருக்கு, ஹெல்மெட் போடாதவன் வீட்டுக்கு ஃபைன் கரெக்டா போகுது, ஃபுட்பாத்ல ஏறுறவனுக்கும் அனுப்புங்க.

சட்டத்துல எங்களுக்கு இடம் இல்லாம இல்ல. 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போட்டாங்க. சென்ட்ரல் கவர்மென்ட் வழிகாட்டுதல்ல சறுக்குன்னா ஒண்ணுக்குப் பன்னெண்டு, அதாவது அரை அடி படிக்கு ஆறு அடி நீளம், கதவுன்னா 90 சென்டிமீட்டர் வழி. என் டேப்ல அது முப்பத்தஞ்சரை இன்ச் சுமாருக்கு வருது. ஒரு கதவுக்கே அவ்வளவு வேணும்னா ரோட்டோர வழிக்கு 21 எந்தக் கணக்கு? பிரச்சனை என்னன்னா இதெல்லாம் அட்வைஸ் மாதிரியே கெடந்துச்சு. ராஜீவ் ரத்தூரின்னு கண் பார்வை இல்லாதவர் ஒருத்தர் 2005ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் கேஸ்ல 2024 நவம்பர் 8ந்தேதி கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, சிபாரிசு பண்ணா பத்தாது, கண்டிப்பா செய்யவேண்டிய விதியா மூணு மாசத்துல போடுங்கன்னு. கேஸ் போட்டு 19 வருஷம் கழிச்சு. இந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஒரு ஆபீஸுக்குப் போனேன் (அந்த ஆபீஸ் வாசல்ல மூணு படி, அது தனிக் கதை), ஒருத்தர் கீழ இறங்கி வந்து பேசினார், மரியாதையாத்தான் பேசினார், கடைசில "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்"னு கன்னடத்துல முடிச்சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு அர்த்தம். நாலரை இன்ச்சை எங்க சார் அட்ஜஸ்ட் பண்றது, ப்ளவுஸா இருந்தா தையல் பிரிச்சு விட்டுருப்பேன். அளவெல்லாம் எழுதிக் குடுங்கன்னார், எழுதிக் குடுத்தேன், நாலு மாசம் ஆச்சு.

நான் கேக்குறது எல்லாத் தூணையும் பிடுங்கணும்னு இல்ல. ஒவ்வொரு சறுக்குலயும் நடுத் தூண் ஒண்ணை எடுத்தாப் போதும். இனிமே நடுறதுக்கு முன்னாடி அந்தத் தெருவுல சேர்ல போறவங்க யாராவது இருந்தா ஒரு தடவை உருட்டிப் பாக்கச் சொல்லிட்டு அப்புறம் சிமென்ட் கலக்குங்க.

உங்க ரிப்போர்ட்டர் யாரையாவது அனுப்பினா நானே கூட்டிட்டுப் போய் காட்டுறேன். சாயந்திரம் நாலு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, காலைல கட்டிங் இருக்கும். டேப் என்கிட்ட இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன், ஒரு டெய்லர்
அல்சூர், பெங்களூரு