சான்ட்ரோவுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள்

திருச்சி,
சித்திரை மாதம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பழைய சான்ட்ரோவைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்கு என்று நீ சொன்னபோது, யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். அதைப் பாதிச் சம்மதம் என்று நினைத்து ஷோரூமில் என் எண்ணைக் கொடுத்துவிட்டாய் போலிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து நாளுக்கு இரண்டு முறை டெஸ்ட் டிரைவுக்கு அழைக்கிறார்கள். நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

அப்பா ஓட்டிய கார் என்பதால்தான் எனக்கு விட மனம் வரவில்லை என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். அப்படி ஒன்றும் இல்லை. 2006 ஜூனில் அந்த சான்ட்ரோவை எடுத்துவந்த நாள் முதல் அவர் அதைத் திட்டாத வாரம் கிடையாது. டீசல் கார் வாங்கியிருக்க வேண்டும் என்பார், ஏ.சி. போட்டுக்கொண்டு முக்கொம்புக்குப் போனால் சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போகிறார் என்பார். அவர் நினைவுக்கு அவருடைய மூக்குக் கண்ணாடியும் கைக்கடிகாரமும் அலமாரியில் இருக்கின்றன. அதற்காக எண்ணூற்றுச் சொச்சம் கிலோ இரும்பை நான் வாசலில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

நான் பார்த்தது கணக்கு. வாங்கிய நாளிலிருந்து அந்தக் காருக்கென்று ஒரு நோட்டு வைத்திருப்பது உனக்குத் தெரியும். போன சித்திரையிலிருந்து இந்தப் பங்குனி வரை பெட்ரோல் நீங்கலாக ஆன செலவு 31 ஆயிரத்துச் சொச்சம். கிளட்ச் செட் கூலியோடு 8,200, முன்பக்க டயர் இரண்டும் 6,900, பேட்டரி 4,300, இரண்டு சர்வீஸுக்கு 6,000, பெட்ரோல் குழாயும் ஃபில்டரும் 1,900, மூன்றாம் நபர் காப்பீடு ஜி.எஸ்.டி. சேர்த்து நாலாயிரத்தை ஒட்டி. இந்த 31 ஆயிரத்தைத்தான் நீ 'தண்டச் செலவு' என்றாய்.

இனி நீ சொல்லும் காரை எடுத்துக்கொள். ஷோரூம் விலை ஆறரை லட்சம் என்றாய். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதுவே 84,500. முதல் வருடக் காப்பீடு, பதிவு, அவர்கள் கட்டாயம் என்று சொல்லித் தலையில் கட்டும் மிதியடியும் மேலுறையும் எல்லாம் சேர்த்தால் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறையும். அந்தப் பணத்தை நீ தந்தாலும் சரி, நான் வைப்புத்தொகையிலிருந்து எடுத்தாலும் சரி, 7 சதவீத வட்டியில் அது ஆண்டுக்கு 56,000 ரூபாய் சம்பாதிக்கும் பணம். அது போகட்டும். காப்பீட்டுக்காரர்களின் தேய்மானப் பட்டியலில் ஐந்தாவது ஆண்டில் காரின் மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். ஆறரை லட்சத்தில் பாதி என்றால் ஆண்டுக்கு 65,000 ரூபாய். வட்டியையும் இதையும் கூட்டினால், வண்டியை ஒரு முறைகூடக் கிளப்பாமல் ஷெட்டில் நிறுத்தி வைத்தாலே ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் கரைகிறது. போன வருடம் செப்டம்பரில் சிறிய காருக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாகக் குறைத்ததை நீ மறக்காமல் சொன்னாய். குறைத்த பிறகு உள்ள விலைதான் இந்த ஆறரை லட்சம்.

மைலேஜையும் போட்டுப் பார்த்தேன். சான்ட்ரோ ஊருக்குள் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது. புதியது 20 தரும் என்றே வைத்துக்கொள்வோம். காந்தி மார்க்கெட், ஸ்ரீரங்கம், மருத்துவமனை, வங்கி, வாரம் இரண்டு நாள் டியூஷன் என்று நான் ஓட்டுவது ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்தான். மிச்சமாவது நூற்றுச் சொச்சம் லிட்டர். பணமாகப் பதினோராயிரம் ரூபாய் அளவுக்கு வரும். தினமும் ஐம்பது கிலோமீட்டர் அலுவலகத்துக்குப் போய்வரும் உனக்கு இதே கணக்கு வேறு விதமாக முடியும். நீ மூன்று ஆண்டுகளுக்கு முன் பழையதை மாற்றியதை நான் குறை சொல்லவில்லை.

காரின் வயதைக் காட்டி நீ பயமுறுத்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லியில் பெட்ரோல் கார் என்றால் 15 ஆண்டு, டீசல் என்றால் 10 ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் உண்மைதான். அது அந்த ஊர்க் காற்றுக்காகப் போட்ட தடை. இங்கே 15 ஆண்டு முடிந்தால் வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தகுதி இருந்தால் ஐந்து ஆண்டுக்குப் பதிவை நீட்டித்துத் தருவார்கள். 2021-இல் நான் நீட்டித்தபோது கட்டணம் 600 ரூபாய். மறு ஆண்டு ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 20 ஆண்டைக் கடந்த காருக்குப் போன ஆகஸ்டில் 10,000 என்று வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முடியும் என் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றுக்கு இரண்டில் எது விழும் என்பது விண்ணப்பத்தில்தான் தெரியும். நான் பத்தாயிரம் என்றே வைத்துக்கொண்டேன். பசுமை வரி தனி. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் அது ஒரு பெரிய தொகையாக எனக்குப் படவில்லை.

பழைய கார் என்றால் ஒன்றுமே ஆகாது என்று சாதிக்கவும் மாட்டேன். மாசி மாதம் காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. முதலில் பெட்ரோல் பங்கில் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் அடிக்கவே பாலக்கரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பாய் வண்டியைத் தூக்கி, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி என் கண் முன்னால் வளைத்துக் காட்டினார். வளைத்த இடம் முழுவதும், ஏரிச் சேறு காய்ந்து வெடித்ததைப் போல மெல்லிய கீறல்கள். விரலால் தொட்டபோது கருப்பு ஒட்டிக்கொண்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத ரப்பரைக் கெடுக்கும். 2006-இல் செய்த வண்டியில் அந்த அளவு கலப்பை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. குழாய் கெட்டது எத்தனாலாலா, இருபது வயதாலா என்று பாயாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் என்றார். குழாய், கிளிப், ஃபில்டர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட்டார். அவரிடம் கிடைக்காத சாமான் சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் மறுநாள் காலை வந்துவிடுகிறது. போன வருடம் இடது ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் அப்படித்தான் வந்தது.

இதுவரை எழுதியவை எல்லாம் பட்டறையில் தீரும் விஷயங்கள். தீராத ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

ஐப்பசியில் தஞ்சாவூர் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். துவாக்குடியை நெருங்கும்போது நல்ல மழை. எனக்கு முன்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். போதிய இடைவெளி விட்டுத்தான் வந்தேன். லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். சக்கரம் நான்கும் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பியும் கார் அதைக் காதில் வாங்காமல் நேராகவே வழுக்கிக்கொண்டு போனது. வைப்பர் துடைத்த வளைவுக்குள் அந்தச் சிவப்புத் துணி பெரிதாகிக்கொண்டே வந்தது. நின்றபோது கம்பி நுனிக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் விலக்கி ஓட்டினார், அவர் புண்ணியம்.

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உராய்வுப் பாடம் நடத்தியவள் நான். சுழலாத சக்கரம் சாலையைப் பற்றாமல் சறுக்கும், சறுக்கும் சக்கரம் திருப்பிய பக்கம் போகாது என்று கரும்பலகையில் எத்தனை முறை படம் போட்டிருப்பேன். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த இரண்டு நொடியில் கால் எதையும் கேட்கவில்லை. ஏ.பி.எஸ். என்ற பிரேக் கருவி உள்ள காரில் அதைக் காலுக்குப் பதிலாகக் கருவியே நொடிக்குப் பல முறை செய்துவிடும். சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறையும், ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்கும். 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாப் புதிய காரிலும் அது கட்டாயம்; அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயம். என் காரில் இரண்டும் இல்லை. பாயிடம் கேட்டேன், வெளியிலிருந்து வாங்கி மாட்ட முடியுமா என்று. அவர் சிரிக்கவில்லை. "அது வண்டியோட பிறக்கணும்மா" என்றார்.

அதனால், நீ சொன்னவற்றுள் பாதுகாப்பு ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் புதிய கார்தான் வழி என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குள் நான் நாற்பதைத் தாண்டுவதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி நாற்பது போக நினைத்தாலும் முடியாது. ஆபத்து நெடுஞ்சாலையில் இருக்கிறது, மழையில் இருக்கிறது, எனக்குக் கண் கூசும் இரவில் இருக்கிறது. அந்த மூன்றையும் விட்டுவிட்டேன். ஐப்பசிக்குப் பிறகு தஞ்சாவூருக்கு இரண்டு முறை ரயிலில்தான் போய்வந்தேன். சித்தி ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்பினாள். விடுமுறைக்கு நீங்கள் வரும்போது மலைக்கோட்டையோ கல்லணையோ, குழந்தையை ஏற்றிக்கொண்டு போவதற்கு ஏர்பேக் உள்ள வாடகை வண்டியை வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுவதற்கும் அந்த வாடகை இருபதாயிரத்தைத் தாண்டாது. நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். பேத்தியை சான்ட்ரோவில் ஏற்ற மாட்டேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

காரை எப்போது விடுவேன் என்பதையும் முடிவு செய்துவிட்டேன். சென்ற வாரம் பாய் ஸ்க்ரூடிரைவரால் தரைத்தகட்டை ஓரம் ஓரமாகக் குத்திப் பார்த்தார்; ஓட்டுநர் காலடியில் ஓர் இடத்தில் மேல் துருதான், தகடு கெட்டியாக இருக்கிறது. தகட்டில் ஓட்டை விழுந்தால், அல்லது பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், பார்த்து ஆகாது என்று சொன்னால், அன்றைக்கே விட்டுவிடுவேன். எனக்குக் கண்புரை முற்றினாலும் அப்படியே. அதற்கு முன் அடுத்த வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக மாற்ற மாட்டேன்.

ஷோரூமுக்கு நீயே பேசி என் எண்ணை எடுக்கச் சொல். இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆர்.சி.யில் பதிந்திருப்பது உன் கைப்பேசி எண். போன முறை நீதான் இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுத்தாய். நான் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஓ.டி.பி. உனக்குத்தான் வரும். அந்த நேரத்தில் மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாமல் போனைப் பக்கத்தில் வைத்திருந்து, வந்த உடனே எண்ணைச் சொல்.

அன்புடன்,
அம்மா