வாசல்படி வரை போனவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமானுஷ்ய அனுபவங்களே மறுமைக்கு நிரூபணம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அனுபவத்தைச் சொன்னவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்பா இறந்து இரண்டு வாரம்போல, விடியற்காலையில் பக்கத்து அறையிலிருந்து அவருடைய இருமல் எனக்கே கேட்டது. ஆனால் இருமியது அவர்தான் என்பதற்கு என் காதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தக் காதோ நாற்பது வருடம் அந்த இருமலுக்குப் பழகியது. வேல்ஸில் துணையை இழந்த 293 பேரை ஒரு மருத்துவர் விசாரித்து 1971இல் எழுதினார்: ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறந்தவர் அருகில் இருப்பதுபோல் ஏதோ ஒரு வகையில் தோன்றியிருக்கிறது. பிரிவுத் துயரில் இது அவ்வளவு சகஜம்.

"உடலை விட்டு மேலே மிதந்தேன், கீழே டாக்டர்களைப் பார்த்தேன்" என்று இதயம் நின்று பிழைத்தவர்கள் சொல்வது வேறு ரகம். அதைச் சோதிக்கலாம், சோதித்தும் விட்டார்கள். சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழுவினர் மருத்துவமனை அறைகளில் கூரைக்குப் பக்கத்தில் பலகை அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி படங்களை வைத்தார்கள். மிதந்தவர் படத்தைச் சொல்லிவிட்டால் என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்! 2014இல் முடிவு வந்தது. 15 மருத்துவமனைகள், இதயம் நின்ற 2,060 சம்பவங்கள். பார்த்ததையும் கேட்டதையும் விவரமாகச் சொன்னவர்கள் இருவர். இருவருக்கும் இதயம் நின்றது பலகை இல்லாத இடத்தில். அவர்களில் ஒருவர் சொன்னது நடந்ததோடு ஒத்துப்போனது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் நின்ற இதயத்தை இயக்கும் மின் அதிர்ச்சிக் கருவி தானாகப் பேசிய குரலும் அவர் நினைவில் இருந்தது. கண்டது எவ்வளவு, காதில் விழுந்தது எவ்வளவு என்று இப்போது யார் பிரிப்பது?

அப்படியே படத்தைச் சொல்லியிருந்தாலும், அவர் பிழைத்துக்கொண்டவர். வாசல்படி வரை போய்த் திரும்பியவரிடம் வீட்டுக்குள்ளே எத்தனை அறை என்று கேட்கிறோம்.

உள்ளே போனவரிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று. ஆவி ஆராய்ச்சியில் ஊறிய ஃபிரெடரிக் மையர்ஸ், ஒட்டிய உறை ஒன்றை நண்பர் ஆலிவர் லாட்ஜிடம் கொடுத்துவிட்டு 1901இல் இறந்தார். உள்ளிருக்கும் செய்தியை ஆவியாக வந்து சொல்வதாக ஏற்பாடு. சொல்லிவிட்டார் என்று நம்பி 1904இல் பிரித்தார்கள். பொருந்தவில்லை. இதையும் கட்டுரையாளர் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அப்பாவின் இருமல் அப்புறம் கேட்கவில்லை. எந்த நாளோடு நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்