பணியாரத்துக்குப் பக்கத்தில் கைவேலைக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வார இறுதிக்குச் செட்டிநாடு போகலாம் என்று அவ்வப்போது ஒரு கட்டுரை வருகிறது. கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடிக் கல், பிள்ளையார்பட்டி, அப்புறம் கோழி வறுவல், வெள்ளைப் பணியாரம். குறை சொல்லவில்லை, ஊருக்கு நாலு பேர் வந்தால் நல்லதுதான். ஆனால் இங்கேயே குடியிருக்கிற நாங்கள் சனி, ஞாயிறு என்ன செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன், கூடவே உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

போன வாரம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பல்லவன் ரயிலில் வந்து இறங்கினவளின் பையைத் திறந்தால் புடவை கொஞ்சம், மீதி பூராவும் நூல். என் தங்கை மகளுக்கு இது மாசம், பிறக்கப்போகிற பிள்ளைக்குக் குல்லா பின்ன வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தேன், அதற்காகப் பருத்தி நூலாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறாள். கோயில், கடைத்தெரு எதுவும் வேண்டாம், வீட்டு வளவை (உள்முற்றத்தை) விட்டு நகரப்போவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம்.

நூல் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, இருந்ததால் முதலில் அதை உருண்டையாகச் சுற்ற வேண்டும். ஒருத்தி இரண்டு கையிலும் சிட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார, மற்றவள் எதிரே இருந்து சுற்ற, மாட்டிக்கொண்டவள் நூல் வருகிற பக்கத்துக்குக் கையைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். அவளால் போனை எடுக்க முடியாது, மூக்கைக்கூடச் சொறிய முடியாது. வேறு வழியே இல்லாமல் பேச்சுத்தான்: மருமகள் கதை, முழங்கால் வலி, காரைக்குடியில் மனை விற்கிற விலை, படிக்கிற காலத்தில் எங்களைப் பிரித்து உட்காரவைத்த டீச்சர். மத்தியானம் வெண்டைக்காய் மண்டியும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, வெள்ளை நூலாயிற்றே என்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். இரண்டு பேரும் பேசாமல் பின்னிக்கொண்டே இருந்த நேரமும் நிறைய இருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

நடுவில் வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, “என்ன, இந்த வெயிலுக்குக் கம்பளியா?” என்று கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது, ஏதோ ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் செய்கிற வேலை என்று நினைப்பு. ஆனால் திருப்பூர் பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சாதாரண பனியன் துணியில் நெசவு கிடையாது, மெஷின் போட்ட நிட்டிங் அது. நல்ல பக்கம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வளைவுகள் கீழ்நோக்கிக் கூராக அடுக்கியிருக்கும், உள்பக்கம் மேடு மேடாக இருக்கும். நாங்கள் ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), அடுத்த வரிசை பர்ல் (புரட்டுக் கண்ணி) என்று ஊசியில் போடுவதும் அச்சாக அதேதான். கண்டாங்கிச் சேலையில் பாவு, ஊடு என்று இரண்டு நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும், அதனால் இழுத்தால் கொடுக்காது. இதில் ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே போவதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பனியனைக் கத்தரித்தால் ஓரம் சுருட்டிக்கொள்வது நல்ல பக்கமும் உள்பக்கமும் வேறு வேறாக இருப்பதால்தான், நாங்கள் பின்னும் துண்டும் ஓரத்தில் பார்டர் போடாவிட்டால் அப்படித்தான் சுருட்டிக்கொள்ளும். ஆச்சியிடம் இவ்வளவும் சொன்னேன். “அப்ப அப்பச்சி பனியனும் நீங்க பின்றதும் ஒண்ணா?” என்று கேட்டுவிட்டு ஒரு ஊசியை வாங்கிப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை தானாகவே மறுபடி வந்தார்.

இனி என் மனக்குறை. இந்தப் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைப்பது கண்ணைப் பறிக்கிற கலரில் அக்ரிலிக் நூல்தான். பருத்தியில் பின்னுவதற்குத் தோதான தடிமன் கேட்டால் கோயிலுக்குத் திரி நூலா என்று கேட்கிறார்கள். ஊசி விஷயம் அதைவிட மோசம். நம் கடைகளில் விற்கிற ஊசிக்குப் பழைய இங்கிலாந்துக் கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேர் தலைகீழ், நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். இங்கே 8 என்றால் 4 மி.மீ., அங்கே 8 என்றால் 5 மி.மீ. யூடியூபில் யாரோ 8ஆம் நம்பர் என்று சொல்ல, இங்கே 8ஐ வாங்கிப் பின்னினால் அளவு எப்படிச் சரியாக வரும்? மில்லிமீட்டரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை.

யூடியூபே போதுமே என்பீர்கள். இரண்டு கையிலும் ஊசியை வைத்துக்கொண்டு வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். பேப்பர் என்றால் கத்தரித்து மடியில் வைத்துக்கொண்டு, முடித்த வரிசையைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போகலாம். என் அம்மாவின் நோட்டில் அந்தக் காலத்துப் பத்திரிகைக் கைவேலைப் பக்கங்களை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார், ஓரத்தில் அவர் போட்ட கணக்குகளோடு. ஆயாவின் (பாட்டியின்) கல்யாணத்துக்குச் செய்த ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) ஒன்று வீட்டில் இருக்கிறது, அதன் வாய் ஓரத்துக்கு நூலில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டு அலங்கரித்திருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, கண்டாங்கிக்கும் 2019இல் கிடைத்தது. நீங்களும் செய்தி போட்டிருப்பீர்கள். குறியீடு சரி, கற்றுக்கொள்கிறவளுக்கு அரைப் பக்கம் எங்கே? வாராவாரம் அதே சமையல் குறிப்பைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிற இடத்தில் மாதம் ஒரு தரமாவது பின்னல், குரோஷா, கொட்டான் முடைதல் என்று ஒரு கைவேலைப் பகுதி போடலாமே.

முதல் மாதத்துக்கு விஷயம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், நானே தருகிறேன், நாங்கள் பின்னிய குல்லாதான். ஊசி 4 மி.மீ., 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணி வருகிற மாதிரி பருத்தி நூல், முடி உதிர்கிற நூல் வேண்டாம், பிள்ளை மூக்கில் போகும். 70 கண்ணி ஏற்றி, ஒரு கண்ணி நிட், ஒரு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றி 3 செ.மீ. பார்டர். பிறகு நல்ல பக்கம் நிட், மறுபக்கம் பர்ல், மொத்த உயரம் 9 செ.மீ. வரும் வரை. இனிக் குறைக்க வேண்டும்: நல்ல பக்கத்தில் 8 கண்ணி நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக நிட், இப்படியே வரிசை முழுக்க. மறுபக்கம் வெறும் பர்ல். அடுத்த நல்ல பக்கத்தில் 7 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, அதற்கடுத்து 6 என்று குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஊசியில் 7 கண்ணி மிஞ்சும். நூலைக் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, அந்த ஏழுக்குள்ளும் கோத்து இறுக்கி, அதே நூலால் பக்கவாட்டைத் தைத்துவிடுங்கள். சுற்றளவு 31 செ.மீ. கிட்ட வரும், பிறந்த பிள்ளைக்குத் தலை 34, 35 இருக்கும், இழுத்துக் கொடுப்பதால் பொருந்தும். போடுவதற்கு முன் ஒரு தரம் அலசிக் காயவையுங்கள்.

படம் வேண்டுமென்றால் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். குல்லாவின் உள்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள், தையல் எப்படி வர வேண்டும் என்று அதில்தான் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கண்டனூர்