விளக்கை அணைக்காத தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் அலுவலகத்துக்கு வந்த நெருக்கடி என்னவென்று உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதிப் பார்க்க எனக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. குழு கலையவில்லை, யாருக்கும் வேலை போகவில்லை. நேற்றிரவு, வெகுநாள் கழித்து, அலாரம் அடிக்கும்வரை தூங்கினேன். மனசு பழைய ஓட்டத்துக்குத் திரும்புவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

"எப்படி இவ்வளவு நிதானமாக இருந்தீர்கள்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எங்கே நிதானம்? மேஜைக்கு அடியில் கால் உதறிக்கொண்டுதான் இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டே வேலை பார்ப்பதற்கு ஓர் இடத்தில் எனக்குப் பழக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அது நிர்வாகப் பயிற்சி வகுப்பு அல்ல. வேலை முடிந்ததும் நான் ஓடிப்போகிற இம்ப்ராவ் குழு. எழுதிவைத்த வசனம் கிடையாது. பார்வையாளர் யாராவது ஒரு சொல்லைக் கொடுப்பார். அதை வைத்து அங்கேயே, அப்போதே ஒரு நகைச்சுவைக் காட்சியைக் கட்ட வேண்டும்.

அங்கே விளக்குப் பலகையில் உட்காரும் தம்பிக்குத்தான் முதல் நன்றி. பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இம்ப்ராவ் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் முடிவு என்று எதையும் முன்கூட்டி வைத்திருப்பதில்லை. ஆகவே நல்ல சிரிப்பு எழும் இடமாகப் பார்த்து விளக்குக்காரர் மேடையை இருட்டாக்குவார், காட்சி முடிந்தது. காட்சி தத்தளித்தாலும் அதே வழிதான். மாட்டிக்கொண்டு முழிக்கிறவருக்கு அந்த இருட்டு பெரிய புண்ணியம்.

வெளியாட்கள் முன்னால் நான் ஏறிய முதல் நிகழ்ச்சியில் நான் டாக்டர், உடன் நடித்த தோழி நோயாளி. கையில் பரிசோதனை அறிக்கை இருப்பதாகப் பாவனை. "என்ன டாக்டர் எழுதியிருக்கு?" என்றார். எனக்குத் தலைக்குள் ஒன்றுமே இல்லை. வாய் உலர்ந்துவிட்டது. சபையில் யாரோ இருமியது கேட்டது. நேராக விளக்குப் பலகையைப் பார்த்தேன், அணைத்துவிடு என்று கெஞ்சாத குறைதான். தம்பியும் என்னைப் பார்த்தார். அவர் விரல் விசை மேல் இருந்தது. மெதுவாக அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒளிய இடமில்லை. வேறு வழியில்லாமல் தோழியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "அவ்வளவு மோசமா, டாக்டர்?" என்றார்.

சபை சிரித்தது. என்னைப் பார்த்து அல்ல, அந்த டாக்டரைப் பார்த்து. என் நடுக்கம் ஒரு நொடியில் அவருடையதாகிவிட்டது. அப்புறம் வார்த்தை தானாக வந்தது. இறங்கியதும் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், "ஏன் தம்பி அணைக்கல?" என்று. "அணைச்சிருந்தா நீங்க அடுத்த வாரம் வந்திருக்க மாட்டீங்க, அக்கா" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அலுவலகத்தில் நடந்த அந்த நெருக்கடிக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குழுவிலேயே இளையவரிடம் "இதை முதலில் எப்போது கவனித்தீர்கள்?" என்று கேட்டபோது அவர் தலை குனிந்துவிட்டார். பேச்சே இல்லை. மூத்தவர்கள் இருவர் அவருக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார்கள். எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. தம்பி மடியில் வைத்த கை ஞாபகம் வந்தது. "கொஞ்சம் இருங்க, அவங்களே சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னேன். சொன்னார். அவர் சொன்னதிலிருந்துதான் எல்லாம் திரும்பியது. ஒருவர் திணறும்போது மேலதிகாரி முந்திக்கொண்டு பேசுவது பெரும்பாலும் அவருக்கு உதவுவதற்காக அல்ல, தன்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாததால்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கலைக்கு வழிபோட்டவர்களுக்கும் ஒரு கும்பிடு. சிகாகோவில் வயோலா ஸ்போலின் குழந்தைகளோடு வேலை செய்தபோது உருவாக்கிய நாடக விளையாட்டுகள்தான் இதற்கு அஸ்திவாரம். அவருடைய மகன் பால் சில்ஸ், 1959-ல் அங்கே 'செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஸ்போலினின் கண்ணாடி விளையாட்டில் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் அசைவார், மற்றவர் அப்படியே செய்வார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். கடைசியில் முன்னால் போவது யார், பின்தொடர்வது யார் என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். நெருக்கடி வந்த அந்த வாரம் எங்கள் அலுவலகக் குழு சில மணி நேரங்கள் அப்படித்தான் இயங்கியது. யார் உத்தரவு போட்டார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இம்ப்ராவ் சொல்லிக்கொடுத்த கீத் ஜான்ஸ்டன் என்றொருவர். லண்டனில் ராயல் கோர்ட் அரங்கில் இருந்துவிட்டுப் பிறகு கனடாவின் கால்கரிக்குப் போனவர். புதிய மாணவர்கள் வந்தால் தரையில் உட்கார்ந்துகொள்வாராம். நீங்கள் சொதப்பினால் பழி என்னுடையது, சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான்தானே என்பாராம். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பழி தன் தலையில் விழாது என்று தெரிந்தால்தான் ஆள் உள்ளதை உள்ளபடி சொல்லுவார். நெருக்கடியின் முதல் நாள் நான் "இதற்குப் பொறுப்பு நான், இனி என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்கள்" என்றது என் சொந்தச் சரக்கு இல்லை. இவரிடம் எடுத்தது.

ஒரு சிறு புலம்பல். இம்ப்ராவ் என்றாலே எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுவது என்று சில பயிற்சியாளர்கள் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கிடையாது. எதிரில் இருப்பவர் காட்டியதை இல்லை என்று மறுக்காமல் அதன்மேல் ஒன்று சேர்ப்பதுதான் விஷயம். 'அவ்வளவு மோசமா, டாக்டர்?' என்பது அதுதான். கெட்ட சேதி வந்தால் "அப்படியெல்லாம் இருக்காது" என்று தட்டிவிடாமல், "சரி, வந்துவிட்டது, அடுத்து?" என்று கேட்பதும் அதுதான். தவறான யோசனைகளுக்கு அந்த வாரம் நான் எத்தனையோ தடவை 'வேண்டாம்' சொன்னேன்.

மற்றவர்களுக்கு மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நடுராத்திரியில் கூப்பிட்டும் எடுத்தவர்கள், கேட்காமலே கணக்கைச் சரிபார்த்து அனுப்பியவர்கள், "நாங்க இன்னும் இருக்கோம்" என்று ஒரே வரியில் பதில் போட்ட வாடிக்கையாளர்கள், மேடையேறும் முன் முதுகில் தட்டுவதுபோல அன்று காலை ஒவ்வொருவராக வந்து தட்டிவிட்டுப் போன இம்ப்ராவ் கூட்டம், என் எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொண்ட வீட்டார்: எல்லோருக்கும் நன்றி. கடன் பட்டிருக்கிறேன்.

இனி கூட்டங்களில் கடைசியாகத்தான் பேசுவேன். மறந்து முந்திக்கொண்டால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்.

அலுவலகத்தில் சிலர் "நாங்களும் பயிற்சிக்கு வரலாமா?" என்று கேட்டீர்கள். தாராளமாக வாருங்கள். புதியவர்களுக்கு எப்போதும் இடம் உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க மட்டும் அனுமதி இல்லை. மேலாளர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வந்தால் ஆட வேண்டும்.