முடக்கப்பட்ட உணவு விநியோக ஐடியை மீட்டுத் தரக் கோரி தொழிலாளர் ஆணையருக்கு மனு

அனுப்புநர்:
உணவு விநியோகத் தொழிலாளி,
வியாசர்பாடி, சென்னை - 600 039.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை,
சென்னை - 600 006.

பொருள்: முகம் பொருந்தவில்லை என்று கூறி விசாரணையின்றி முடக்கப்பட்ட எனது விநியோக ஐடியை மீண்டும் இயக்கவும், நிறுத்திவைக்கப்பட்ட கூலியைப் பெற்றுத் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கைப்பேசிச் செயலி வழியாக உணவு கொண்டுசேர்க்கும் வேலையை வடசென்னையில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. என்னைப் போலச் செயலி வழி வேலை செய்பவர்களுக்கான தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து, அடையாள அட்டையும் பெற்றிருக்கிறேன். கடந்த மாதம், செயலிக்குள் நுழைந்து வேலை எடுக்கும் என் கணக்கான ஐடியை நிறுவனம் நிரந்தரமாக முடக்கிவிட்டது. என் ஐடியில் வேறு நபர் வேலை செய்தார் என்பதே திரையில் காட்டிய காரணம். அந்த வேறு நபர் நான்தான், ஐயா. பழனியில் முடி காணிக்கை செலுத்திவிட்டு வந்திருந்தேன், அவ்வளவே.

பிள்ளைக்கு முதல் முடி இறக்கக் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தோம். தாயாரின் உடல்நலத்துக்காக நானும் நேர்ந்துகொண்டிருந்ததால் தலைமுடியோடு மீசை, தாடியையும் எடுத்துவிட்டேன். ஊர் திரும்பிய மறுநாள் மாலை வேலைக்கு இறங்கினேன். பெரம்பூரில் ஓர் உணவகத்தின் பார்சல் கவுன்டரில் பொட்டலத்தைக் கையில் வாங்கிய நேரம், முகத்தைப் படம் எடுக்கச் சொல்லித் திரையில் வட்டம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்தேன். பொருந்தவில்லை என்றது. வெளிச்சம் போதவில்லையோ என்று வாசல் விளக்கின் கீழே போய் நின்று மறுபடியும் எடுத்தேன். அதற்கும் அதே பதில். உடனே ஆர்டர் மறைந்தது, உள்நுழையும் வழியும் அடைபட்டது. பொட்டலத்தைக் கவுன்டரில் திருப்பிக் கொடுத்தபோது, நாள்தோறும் என்னைப் பார்க்கும் ஊழியர் “மொட்டை எப்போது போட்டீர்கள் அண்ணே?” என்றுதான் கேட்டார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

முகச் சோதனையே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒருவர் ஐடியை வாடகைக்கு எடுத்து இன்னொருவர் ஓட்டுவது இந்தத் தொழிலில் நடக்கத்தான் செய்கிறது. இரவு பதினொரு மணிக்குத் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. என் வீட்டுப் பெண்கள் ஆர்டர் செய்தாலும் நான் அதையே எதிர்பார்ப்பேன். ஆனால் அம்மை போட்டால் முகம் மாறும், விபத்தில் தையல் போட்டால் மாறும், நேர்த்திக்கடன் செலுத்தினாலும் மாறும். முகம் பொருந்தாதபோது ஆளை ஒருமுறை நேரில் அழைத்துப் பார்ப்பதற்கு வழியே வைக்காமல், ஒரு குடும்பத்தின் பிழைப்பை அந்த இடத்திலேயே முடித்துவிடுவது எந்த நியாயத்தில் சேரும்?

என் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. கூலி என் பெயரில் உள்ள கணக்கில்தான் ஏறியது. இவற்றை எடுத்துப் பார்த்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். செயலியின் உதவிப் பக்கத்தில் புகார் பதிந்தேன். எதைக் கேட்டாலும் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், முடிவு இறுதியானது” என்ற ஒரே வாசகம் வருகிறது. டீம் லீடர் முதலில் பேசினார், பிறகு அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். கிளை அலுவலகத்துக்கு ஆதார் அட்டையோடு போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. தன் வேலையைச் செய்யும் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. என் பெயரைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பில் அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் புகாரின் சாரம்.

முடக்கம் வேலையோடு நிற்கவில்லை. அந்த வாரம் ஓடிய ஓட்டத்துக்கான கூலியும் ஊக்கத்தொகையும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. நிறுவனம் தரும் விபத்துக் காப்பீடு ஐடி இயங்கும் வரைதான். அதே ஆதார், உரிமத்தை வைத்துப் புதிதாகப் பதியவும் முடியவில்லை. வண்டிக்கான மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது. வேறு செயலியில் சேர்ந்துகொள்ளலாமே என்று சொல்பவர்கள், புதிதாகச் சேருபவருக்கு எங்கள் பகுதியில் மதிய உணவு நேர வேலையும் இரவு நேர வேலையும் எளிதில் கிடைக்காது என்பதை அறியாதவர்கள்.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, எங்களைப் போன்றவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை எங்கள் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்கிறது. அதன் பயனைப் பெற ஒரே நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 90 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும் என மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் கூறுகின்றன. அந்த நாட்களை எண்ணுவதே ஐடியை வைத்துத்தான். காரணமின்றி ஐடியை முடக்க நிறுவனத்தால் முடியும் என்றால், சட்டம் தந்த உரிமையையும் அதே விரலால் பறிக்க முடியும். நலத்திட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு எதிரான பாதுகாப்பு இல்லாமல் அவை எங்கள் கைக்கு வந்து சேராது.

அண்டை மாநிலமான கர்நாடகம் 2025இல் இயற்றிய கிக் தொழிலாளர் சட்டத்தில், தகுந்த காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் ஒரு தொழிலாளியை நீக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஓசூரில் ஓட்டுபவருக்கு இல்லாத அந்தப் பாதுகாப்பு, எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் ஓட்டுபவருக்கு இருக்கிறது. 2023இலேயே எங்களுக்கென்று தனி வாரியம் அமைத்த தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்கக் கூடாது என்று உரிமையோடு கேட்கிறேன்.

ஆகவே, நிறுவனத்தின் பொறுப்பான அதிகாரி ஒருவரையும் என்னையும் தங்கள் முன்னிலையில் அழைத்து, என் அசல் ஆவணங்களை என் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஐடியை வாடிக்கையாளர்கள் தந்த பழைய மதிப்பீடுகளோடு மீண்டும் இயக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுத்திவைத்த கூலியை விடுவிக்கவும், ஆள்மாறாட்டம் என்ற பதிவை என் ஆதார், உரிமத்தின் மீதிருந்து நீக்கவும் உத்தரவிட வேண்டும். ஒருவேளை நிறுவனத்திடம் எனக்கு எதிராக ஆதாரம் இருக்குமானால் அதை என் கையில் எழுத்தில் தரட்டும், பதில் சொல்லக் காத்திருக்கிறேன். முகம் பொருந்தாத எந்தத் தொழிலாளியையும் நேரில் விசாரித்த பிறகே முடக்க வேண்டும் என்று எல்லா விநியோக நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தவும், அதைச் சட்டமாக்க அரசுக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன்.

விசாரணைக்கு எந்த நாள், எந்த நேரம் அழைத்தாலும் வருகிறேன். இப்போது முடி ஓரளவு வளர்ந்துவிட்டது. பழைய படத்தோடு ஒப்பிடுவதும் எளிது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: நல வாரிய அடையாள அட்டை, ஆதார், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்கள்; கூலி வரவு காட்டும் வங்கிப் புத்தகப் பக்கங்கள்; முடக்க அறிவிப்பு வந்த திரையின் படம்; பழனியில் குடும்பத்துடன் எடுத்த புகைப்படம்.