கிணற்று நீரின் அளவீடுகளும் நோய்க் கணக்கும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தண்ணீர்தான் காரணம் என்று சிலரும், பசளையும் கிருமிநாசினியும்தான் என்று வேறு சிலரும் முடிவு கூறிவிடுகிறார்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்து, அதன் அயலில் உள்ள வவுனியா மாவட்டத்தையும் பாதித்திருக்கும் இந்நோய்க்கு, நீரிலுள்ள புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் போதிய நீர் அருந்தாமல் செய்யும் வேலை எனப் பலவும் ஆராயப்பட்ட பின்னரும், இதுவே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. ஆகவே, கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் நோயாளர் எண்ணிக்கையையும் கிராம அலுவலர் பிரிவு வாரியாக ஒரே வரைபடத்தில், தமிழில், பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாவட்ட அளவிலான சராசரி எங்களுக்கு உதவாது. ஒரே ஒழுங்கையில் உள்ள கட்டுக்கிணற்றின் நீரும், பாறை வரை துளைத்த குழாய்க்கிணற்றின் நீரும் வெவ்வேறாக இருக்கலாம். கேத்தலில் படியும் வெள்ளைப் படிவு கடினத்தன்மையைக் காட்டிவிடும். புளோரைட்டோ நாவுக்கும் தெரியாது, கொதிக்கவைத்தாலும் நீங்காது. இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயம் அதற்கு விதித்துள்ள உச்ச அளவு ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம். தன் கிணறு அந்த எல்லைக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதை ஒரு தாய் அறிந்திருக்க வேண்டாமா? பரிசோதித்த திகதியும் முடிவுடன் இருக்க வேண்டும். மாரி மழைக்குப் பின் எடுத்த மாதிரியும் ஆவணி வரட்சியில் எடுத்த மாதிரியும் ஒரே முடிவைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

வன்னிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இந்நோய் பல ஆண்டுகளாக மெல்ல வளர்வது. எங்கள் மக்களோ போரினால் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்து, 2009இன் பின்னர் மீள்குடியேறியவர்கள். இன்று நெடுங்கேணியில் பதிவாகும் நோயாளி, தன் வாழ்நாளில் பெரும்பகுதி வேறெங்கோ உள்ள கிணற்று நீரைக் குடித்தவராக இருக்கலாம். தற்போதைய முகவரியை மட்டும் வைத்து வரையும் படம் அவரைத் தவறான கிணற்றோடு இணைத்துவிடும். எந்தக் காலத்தில் எந்த ஊரில், எந்தக் கிணற்று நீரைக் குடித்தோம் என்ற வரலாறு எந்தப் பணிமனையின் கோப்பிலும் முழுமையாக இருக்க முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் மக்களே. தரவுகளை அவர்கள் முன் வைத்துக் கேட்டால்தான் அந்த விபரம் வந்து சேரும். இதை ஆய்வாளர்கள் ஓர் உபகாரமாக எண்ணாமல் ஆய்வின் அவசியப் பகுதியாகவே கருத வேண்டும்.

வெளியிடும்போது கவனமும் தேவை. நடமாடும் பரிசோதனை முகாம் நடந்த ஊரில் கூடுதலான நோயாளர்கள் தெரிவது இயல்பு; எனவே எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்ற தொகையையும் சேர்த்தே தர வேண்டும். சிறிய கிராமத்தில் இரண்டு மூன்று பேர் என்று போட்டால் யாரென்று ஊரே அறிந்துவிடும் என்பதால், அத்தகைய பிரிவுகளை அயற்பிரிவுகளோடு சேர்த்துக் காட்டலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் தன் கிணற்றுக்காகத் தனித்தனியே விண்ணப்பம் எழுதுவது நடைமுறைக்கு உகந்ததல்ல. நீர் வழங்கல் அதிகாரிகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் இணைந்து, முதலில் வவுனியா வடக்கு, செட்டிகுளம் பிரதேச செயலகப் பிரிவுகளின் விபரங்களை அவ்வப் பிரதேச செயலக அறிவித்தல் பலகையிலேனும் வைக்க முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நெடுங்கேணி.